மலைச்சரிவும் கூட்டுத் தலைமையும்: பதுளைப் பெருந்தோட்டங்கள் பற்றிச் சில சிந்தனைகள்

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலைச்சரிவொன்று பெயர்ந்து வந்து லயன் வரிசைகளை மூடியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்திற் சேறே கிடந்தது. காணாமற் போனோரின் தொகை முதல் நாட்களில் நூற்றுக்கணக்கிற் கூறப்பட்டது. பின்னர் அது வெகுவாகக் குறைந்தது. ஒரு குடியிருப்பில் அன்று வாழ்ந்தோர் எத்தனை பேர் என்பதை உடனடியாகச் சொல்லவல்ல பதிவேடொன்று கைக்கெட்டும் நிலையில் இருக்கவில்லை என்பதையே இத்தடுமாற்றம் காட்டிற்று.

இதனினும் முக்கியமான உண்மை வேறொன்றுண்டு. அம்மலை சரியக்கூடியது என்பது எவரும் அறியாத செய்தியன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அக்குடியிருப்பின் ஆபத்தை எடுத்துரைத்திருந்தது. மக்கள் இடம்பெயரவில்லை என அதிகாரிகள் கூறினர். பெயர்ந்து செல்ல எமக்கு இடம் எங்கே தரப்பட்டது என மக்கள் கேட்டனர். அறிவியல் தன் கடமையைச் செய்திருந்தது, ஆபத்தும் அறியப்பட்டிருந்தது. ஆயினும் உயிர்கள் காக்கப்படவில்லை. ஏன்? இவ்வினாவையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். தோட்டக் குடியிருப்பொன்றின் பாதுகாப்பு அங்குள்ள தலைவர்கள் விழிப்பாக இருப்பதனால் மட்டும் அமைந்துவிடுவதன்று. அவர்கள் ஒரு சபையாகக் கூடுவதும், அச்சபைக்கு நிலத்தின்மீதும் நிருவாகத்தின்மீதும் சொல்லுரிமை இருப்பதும் இன்றியமையாதவை என்பதே எமது துணிபாகும்.

1. தோட்டத்தில் தலைமை என்பது யாது?

தோட்டத்தைப் புறத்திருந்து நோக்குவோர் அங்கு ஒரே தலைமையையே காண்பர்; அது தொழிற்சங்கத் தலைமையாகும். உள்ளே சென்று நோக்கின் பல தலைமைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இயங்குவதைக் காணலாம். ஒவ்வொரு சங்கத்திற்கும் ஒரு தோட்டத் தலைவர் உளர். மாதர் சங்கத் தலைவி உளர். கோயிற் கமிட்டியினர் உளர். மரண உதவிச் சங்கம், இளைஞர் மன்றம், விளையாட்டுக் கழகம் ஆகியன உள. தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களும் பல இடங்களில் உள. ஆசிரியரும் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரும் பதவியால் தலைவரல்லராயினும் மக்களால் மதிக்கப்படுவோராவர்.

மரணம் நிகழ்ந்த வீட்டிற் சில மணி நேரத்துள் விறகும் அரிசியும் பந்தலும் வந்து சேர்வதை மலையகத்தை அறிந்த எவரும் கண்டிருப்பர். திருவிழாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வரி பிரித்து, கணக்கெழுதி, கூட்டத்தில் வாசித்துக் காட்டும் வழக்கமும் உண்டு. எனவே ஒழுங்கமையும் ஆற்றல் தோட்ட மக்களிடம் இல்லை என்ற கூற்று முற்றிலும் தவறானதாகும். அவ்வாற்றல் மரணத்திற்கும் திருவிழாவிற்கும் ஒன்று திரள்கின்றது. மழைக்கும் மலைக்கும் ஏன் ஒன்று திரள்வதில்லை என்பதே கேள்வி.

இதற்குரிய விடை இத்தலைமைகள் யாருக்குப் பொறுப்புக் கூறுகின்றன என்பதிற் பெரிதும் தங்கியுள்ளது. தோட்டத் தலைவர் தம் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தை நோக்குகின்றார். சந்தா சம்பளத்திற் கழிக்கப்பட்டு மேலே செல்வதால் சங்கங்களிடையே உறுப்பினர் தொகை பற்றிய போட்டி ஓய்வதில்லை. வீடமைப்புச் சங்கம் தோட்ட நிருவாகத்தையும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தையும் சார்ந்துள்ளது. கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலகத்துக்குரியவர். ஒவ்வொருவரும் மேல் நோக்கியே பேசுகின்றனர். ஒருவரோடொருவர் பேசுவதற்கு நிலையான அவையொன்றில்லை.

2. பிரிவின் வரலாற்று வேர்கள்

இந்நிலை தற்செயலாகத் தோன்றியதன்று. தோட்டத்தின் முதல் தலைவர் பெரிய கங்காணியே. அவரே ஆட்களைத் திரட்டி வந்தவர், முற்பணம் கொடுத்தவர், கடனைக் கணக்கு வைத்தவர். தொழிலாளியை இன்னொரு தோட்டத்துக்குப் போகவிடாது தடுத்த துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் துரைக்கும் தொழிலாளருக்கும் இடையில் நின்ற தரகராவார். தலைமை என்பது மேலிருந்து இறங்கி வருவது என்ற எண்ணம் இவ்வாறே தோட்டத்தில் வேரூன்றியது.

உள்ளூராட்சியும் தோட்ட மக்களுக்குக் கதவடைத்தது. 1930களின் பிற்பகுதியிற் கிராமச் சங்கங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் வாக்குரிமையினின்று விலக்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பதுளையின் பிரதிநிதியாகத் தெரிவு செய்யப்பட்டார். ஆயின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் அவரைத் தெரிவு செய்த மக்களை நாடற்றோராக்கி, அவர்தம் வாக்குரிமையையும் பறித்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் என்றானபோது, நாளை இங்கிருப்போம் என்ற உறுதியே குலைந்தது. அவ்வுறுதியின்றி அயல் என்பதும் அயற் தலைமை என்பதும் எங்ஙனம் உருப்பெறும்? நாடற்ற நிலைக்குச் சட்டத்தால் முற்றுப்புள்ளியிடும் முயற்சி 2003ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது.

இவற்றோடு வன்செயல்களின் நினைவும் சேர்ந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திற் பதுளை நகரிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. பாதுகாப்பு என்ற சொல் ஊவாத் தோட்ட மக்களுக்கு மலையிலிருந்து வரும் ஆபத்தை மட்டும் குறிப்பதன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3. வேவெஸ்ஸ: மறக்கப்பட்ட ஒரு முன்னுதாரணம்

எனினும் இதே ஊவா மண்ணில், மேலிருந்து வந்த தலைமைக்கு மாறாக மக்கள் தாமே ஒரு சபையை நிறுவிய வரலாறும் உண்டு. 1940ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் வேலைநிறுத்த அலை ஊவாவை நோக்கிப் பரவியது. லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த வில்லி ஜயதிலக்க, எட்மண்ட் சமரக்கொடி, வீ. சித்தம்பலம் ஆகியோர் இங்கு தலைமை தாங்கினர். சிங்களவரும் தமிழரும் ஒரே போராட்டத்தில் ஒன்றாக நின்றமை குறிப்பிடத்தக்கது. கூட்டங்களைத் தடை செய்து பதுளை நீதவான் பிறப்பித்த கட்டளையை மீறி, மே 12ஆம் நாள் என். எம். பெரேரா பதுளையிற் பெருங்கூட்டமொன்றில் உரையாற்றினார்.

பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே கருமமாற்றுவதற்குத் தோட்டத்துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்டவென வந்த ஆயுதந் தாங்கிய பொலிஸ் குழுவின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர். ஆயினும் இந்நிலை நீடிக்கவில்லை. பொலிஸாரின் அடக்குமுறை ஒருபுறமிருக்க, வெள்ளப்பெருக்கு ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளினின்று ஒரு வாரத்துக்கு மேலாகத் துண்டித்தது. வேலைநிறுத்த அலை ஒடுக்கப்பட்டது. ஜூன் மாதத்திற் கட்சியின் முன்னணித் தலைவர்கள் சிறையிடப்பட்டனர்.

வேவெஸ்ஸவின் சிறப்பு அதன் வீரத்தில் மட்டும் தங்கியதன்று. அங்கு உருவான அமைப்பின் இயல்பையே நாம் உற்று நோக்க வேண்டும். முதலாவதாக, அது தெரிவு செய்யப்பட்ட சபை, நியமிக்கப்பட்டதன்று. இரண்டாவதாக, தோட்ட நிருவாகம் அதனை ஏற்றுக்கொண்டது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றே என்ற வெறும் ஆலோசனைக் குழுவாக அது அமையவில்லை. மீரியபெத்தையில் எச்சரிக்கை வந்த 2005ஆம் ஆண்டுக்கும் மலை சரிந்த 2014ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் இல்லாதிருந்தது இத்தகைய சபையே. அந்த எச்சரிக்கையைக் கையிலெடுத்து, கம்பனியையும் பிரதேச செயலகத்தையும் ஒரே மேசைக்கு அழைத்து, எந்நாளுக்குள் எந்நிலம் தரப்படும் என வினாவவும் விடை வரும்வரை விடாதிருக்கவும் கடமைப்பட்டவர் எவருமிலர்.

4. மழையும் கானும்

மண்சரிவு விதியன்று, அதற்குக் காரண காரியத் தொடர்புண்டு. செங்குத்தான சரிவில் உக்கிய பாறையின் மேற் கிடக்கும் மண், நீரை உறிஞ்சிப் பாரமாகின்றது. மண்ணிடை நீரமுக்கம் கூட, மண்ணின் பிடிமானம் குறைகின்றது. ஓர் எல்லைக்கப்பால் அது நழுவுகின்றது. தேயிலை மலைகளிற் கான் வெட்டும் வேலை இதன் பொருட்டும் முக்கியமானது. கான் துப்புரவாக இருப்பின் மழைநீர் மேற்பரப்பிலேயே வழிந்தோடும். அது தூர்ந்துவிடின் நீர் மண்ணுக்குள் இறங்கும். தோட்டத்தில் ஆட்தொகை குறையும்போது முதலிற் கைவிடப்படும் வேலைகளுள் கான் வெட்டும் ஒன்று என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

1990ஆம் ஆண்டளவில் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கும் பணி பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே தொடங்கியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்து மூன்று படிகளில் எச்சரிக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு. 100 மில்லிமீற்றரைக் கடக்கின் வெளியேற ஆயத்தம். 150 மில்லிமீற்றரைக் கடக்கின், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்யின், வெளியேற்றம். இவ்வளவையைப் பார்ப்பதற்குப் பட்டதாரி வேண்டுவதில்லை. எளிய மழைமானி ஒன்றும், அதனைத் தவறாது பார்த்துக் குறிக்கும் ஒருவரும் போதும். நிலத்திற் புதிய வெடிப்பு, சுவர்க் கீறல், சாயும் மரம், திடீரெனத் தோன்றும் ஊற்று, வற்றாத பீலியிற் கலங்கி வரும் நீர் ஆகிய அறிகுறிகளை நாள்தோறும் மலையேறும் கொழுந்துப் பெண்களே முதலிற் காண்பர்.

இங்குதான் தலைமைகள் கூடவேண்டியதன் அவசியம் தெளிவாகின்றது. அறிகுறியை முதலிற் காண்பவர் பெண். வெளியேறத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஆண். மழைமானி ஒரு வீட்டில் இருக்கும். கோயில் மணி இன்னொருவர் பொறுப்பில் இருக்கும். தங்குவதற்கேற்ற பாடசாலையின் திறப்பு அதிபரிடம் இருக்கும். லொறி தோட்டத் தொழிற்சாலையில் நிற்கும். குடும்பங்களின் கணக்கை மரண உதவிச் சங்கத்தின் கொப்பி காட்டும். நள்ளிரவில் மழை 150 மில்லிமீற்றரைத் தொடும்போது இவ்வைந்தும் தனித்தனியே கிடப்பின் பயனில்லை. முன்பே ஒன்றிணைந்திருத்தல் வேண்டும். கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தும் தோட்டத் தலைவர்களிற் பெண்கள் மிகச் சிலரே என்பது நீதியின்மை மட்டுமன்று. பாதுகாப்பு நோக்கிலும் பெருங்குறையாகும்.

சரிவின் கீழ்ப்புறம் பல இடங்களிற் சிங்களக் கிராமங்கள் உள. மேலே பெயரும் மண் கீழே இனம் பார்ப்பதில்லை. மேலே தூர்ந்த கான் கீழுள்ள வயலையும் கெடுக்கும். எனவே தோட்டத்தினதும் கிராமத்தினதும் தலைவர்கள் கூடும் அவை, மலைக்கு எதிரான காப்பாக மட்டுமன்றி வதந்திக்கும் வன்செயலுக்கும் எதிரான காப்பாகவும் அமையக்கூடும். 1940ஆம் ஆண்டிற் பதுளை கண்ட ஒற்றுமை மீளவும் முளைக்கக்கூடிய நிலம் இதுவேயாகும்.

5. பிற நாடுகளின் அனுபவம்

ஜப்பானின் கோபே நகரில் மானோ என்னும் தொழிலாளர் குடியிருப்பு உண்டு. 1960களில் அம்மக்கள் தொழிற்சாலைகளின் மாசுக்கு எதிராகத் திரண்டனர். பின்னர் அவ்வமைப்பையே முதியோர் நலத்துக்கும் வீடமைப்புக்கும் பயன்படுத்தினர். 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் நிலநடுக்கத்தின்போது நகரின் பல பகுதிகள் தீக்கிரையாக, மானோ மக்கள் வாளி வாளியாக நீர் கைமாற்றியும் அயற் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவின் துணை கொண்டும் தம் பகுதியிற் தீ பரவாது தடுத்தனர். உரிமைப் போராட்டத்தில் உருவான அமைப்பே ஆபத்திற் காவலாயிற்று என்பது இதன் பாடம்.

கொலம்பியாவின் மலை நகரான மனிசாலெசில் ஏழைப் பெண்கள் நகராட்சியின் ஏற்பாட்டின்கீழ்ச் சரிவுகளின் காவலராகப் பணிபுரிகின்றனர். வடிகால்களைத் துப்புரவு செய்தலும் அயலாருக்கு அறிவூட்டலும் அவர்தம் கடமைகள். அது ஊதியமுள்ள வேலை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டப் பெண்ணிடம் பாதுகாப்புப் பணியைத் தொண்டு என்று ஒப்படைத்தல் அவளது சுமையை மேலும் கூட்டுவதாகும்.

6. நிலமின்றிப் பாதுகாப்பில்லை

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மக்கள் ஒன்றுகூடினாற் போதும், அனைத்தும் சரியாகிவிடும் என்று கூறுவது அரசும் கம்பனியும் தம் பொறுப்பைக் கழற்றிவிட வழிவகுக்கும். லயன் அமைந்த இடத்தைத் தொழிலாளி தெரியவில்லை. தோட்டத்தைத் திறந்தவனே தெரிந்தான். 1975ஆம் ஆண்டிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992ஆம் ஆண்டில் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் லயனின் நிலம் தொழிலாளிக்கு உரித்தாகவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்களிற் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்தனர். ஆயின் அவர்தம் பாதைக்கும் கானுக்கும் சபை பொறுப்பேற்க இயலவில்லை. முப்பதாண்டுக்கு மேல் நீடித்த இத்தடை 2018ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. அதே ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவியது.

மீரியபெத்தையில் தப்பியோருக்கென 2016ஆம் ஆண்டிற் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் அவ்வீடுகள் மலை சரியுமுன் கட்டப்பட்டிருக்கலாகாதா என்ற வினா எஞ்சுகின்றது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டு லயன்கள் சேதமுற்றன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் நாடெங்கும் 600 பேருக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களிற் பதுளையும் ஒன்று. இவற்றைத் தனித்தனி அனர்த்தங்களாகக் கருதுதல் பொருந்தாது. சரிவில் வாழ்ந்தும் சரிவை விட்டு நீங்கும் உரிமையற்றிருக்கும் ஒரு வாழ்க்கை முறையின் விளைவுகளே இவை.

7. முடிவாக

எமது ஆய்விலிருந்து சில கருமங்கள் பெறப்படுகின்றன. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் சங்க வேறுபாடின்றித் தெரிவு செய்யப்படும் குடியிருப்புச் சபையொன்று அமைதல் வேண்டும். அதிற் சரிபாதியினரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட அமைப்பும் பிரதேச சபையும் தோட்ட நிருவாகமும் அச்சபையை ஏற்றுக்கொண்டு, அது எழுப்பும் வினாக்களுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் விடை தருதல் வேண்டும். மழைமானி பார்ப்பவருக்கும் கான் துப்புரவு செய்பவருக்கும் ஊதியம் வழங்கப்படல் வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் வாழ்வோரின் பதிவேடு சபையின் கையிலும், அதன் பிரதியொன்று சரிவுக்கு அப்பாலுள்ள பாதுகாப்பான இடத்திலும் இருத்தல் வேண்டும். இவையனைத்துக்கும் அடிப்படையாக, அபாய வலயத்திலுள்ள குடும்பங்களுக்கு உறுதியுடன் கூடிய நிலம் வழங்கப்படல் வேண்டும்.

இவற்றுள் முதலாவதை மக்கள் எவரது அனுமதியுமின்றி நாளையே தொடங்கலாம். ஏனையவை கேட்டுப் பெறவேண்டியவை. சபை கூடினாலன்றிக் கேட்கும் குரல் பிறவாது. கடந்த தலைமுறைகளில் மலையகம் பற்றிப் பல்கலைக்கழகங்களிற் பல ஆய்வுகள் எழுந்தன. அவ்வாய்வுகள் நூலகத்தின் படிகளைக் கடந்து லயத்தின் படிகளை அடைவதற்கு எம்மாலியன்றதைச் செய்தல் எமது கடன். அபாய வரைபடத்தைத் தமிழிற் படித்து விளக்குவதும், பதிவேட்டை எழுத உதவுவதும், சபையின் வினாக்களை உரிய இடங்களுக்கு எழுதி அனுப்புவதும் பெரிய காரியங்களல்ல. ஆயின் மீரியபெத்தையில் அவ்வொன்பது ஆண்டுகளிற் செய்யப்படாதிருந்தவை இத்தகைய சிறிய காரியங்களே. வடகீழ்ப் பருவமழை ஆண்டுதோறும் தவறாது வரும். அது அடுத்த முறை வருமுன் முதற் கூட்டம் கூடட்டும்.